ஞாயிற்றுக்கிழமை ஏற்றிய மேப்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைவிட மோசம், எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற நினைப்பு. அந்த நினைப்புதான் என் அக்காவின் பிழைப்பில் மண்ணைப் போட்டது. இதை யாரிடம் சொன்னாலும், மரம் விழுந்ததற்கு நீ என்ன செய்வாய் என்று தேற்றுகிறார்கள். மரம் விழுந்ததற்கு நான் ஒன்றும் செய்ய முடியாதுதான். மரம் விழுந்த பிறகு நான் செய்ததைப் பற்றித்தான் பேச்சு.

என் தொழில் இன்ஜினுக்கு மேப் மாற்றுவது. இப்போதைய வண்டிகளில் எவ்வளவு டீசல் எப்போது உள்ளே போக வேண்டும் என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதற்குள் இருக்கிற கணக்குக்குப் பெயர்தான் மேப். கம்பெனிக்காரன் பயந்து பயந்து போட்டு வைத்த கணக்கை எடுத்துவிட்டுக் கொஞ்சம் துணிச்சலான கணக்கை நான் ஏற்றுவேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் சொருகி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். வெளியே ஒரு போல்ட்கூட மாறியிருக்காது, ஆனால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும்.

இப்படி மாற்றினால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் பிரீமியம் ஏறும். என்னிடம் வந்தவர்களில் எழுதியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எழுதாதவர்கள் கம்பெனி சர்வீசுக்கு வண்டியை விடுவதற்கு முதல் நாள் என் ஷெட்டுக்கு வருவார்கள். பழைய மேப்பை ஏற்றி, ஒன்றும் தெரியாத பிள்ளையைப் போல வண்டியை அனுப்பிவைப்பேன். சர்வீஸ் முடிந்ததும் திரும்ப வந்து நம்முடையதை ஏற்றிக்கொண்டு போவார்கள். பத்து வருடமாக இதே பழக்கம்தான், ஒருத்தரும் மாட்டியதில்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். லாண்டரி நடத்தினாள். மூன்று லாட்ஜ்கள், ஒரு ஆஸ்பத்திரி. காலையில் போய் அழுக்கு விரிப்புகளையும் துண்டுகளையும் மூட்டை கட்டி எடுத்து வருவாள், மறுநாள் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவள் புருஷன் கண் பார்வை மங்கி வேலையை விட்டுவிட்டார், அவர் மடித்து அடுக்கித் தருவதோடு சரி. வேனை ஓட்டுவது, மூட்டை தூக்குவது, லாட்ஜ் மேனேஜர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அவள்தான். அந்த வேன் ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பெரியும்.

பெரிய லாட்ஜ் ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. பாரத்தோடு ஏறும்போது வேன் முக்கி முனகி நின்றுவிடும், பின்னால் வருகிறவன் ஹாரனை அடித்துக் காதைக் கிழிப்பான். அக்கா என்னிடம் வந்து சொன்னாள். நான் மேப்பை மாற்றிக் கொடுத்தேன். மறுநாளே போன் செய்து, வேன் மேட்டில் ஓடி ஏறுகிறது என்று சின்னப் பெண்ணைப் போலச் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கிற படிவத்தை என் ஷெட்டில் உட்கார்ந்துதான் நிரப்பினாள். வண்டியில் ஏதாவது மாற்றம் செய்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. ஆமாம் என்று போடட்டுமா என்று கேட்டாள். நான் வேறு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன், தலையை வெளியே நீட்டவும் இல்லை. இதெல்லாம் எழுதிக்கொண்டிருந்தால் பிழைத்த மாதிரிதான், இல்லை என்று போடு என்று கத்தினேன். அவள் அந்தக் கேள்வியை இன்னொரு தடவை படித்துவிட்டு, அப்படியே போட்டாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவள் பொய் எழுதுகிற ஆளே இல்லை. தம்பிக்குத் தெரியும் என்று நம்பி எழுதினாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் காற்றடித்தது. வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த வேன் மேல் எதிர்ச்சாரி மரம் சாய்ந்தது. உள்ளே யாரும் இல்லை, அந்த மட்டுக்கும் தப்பித்தோம். பின்பக்கக் கூரை தரையோடு தரையாக நசுங்கிவிட்டது. இனி அதை நிமிர்த்த முடியாது என்று பார்த்ததுமே தெரிந்தது. வேனை இழுத்து வந்து என் ஷெட்டுக்குப் பின்னால் போட்டோம். திங்கட்கிழமை சேதத்தை மதிப்பிட சர்வேயர் வருவார், அதுவரை வண்டியை யாரும் தொடக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சொன்னார்களாம். அக்கா அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். கூடவே, மேப் விஷயத்தைச் சர்வேயரிடம் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னாள். நான் வள்ளென்று விழுந்தேன். நீ வாயைத் திறக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு லீவு. நான் மட்டும் போனேன். வேனின் இன்னொரு சாவி எப்போதும் என் மேஜையில்தான் கிடக்கும். முன்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. உட்கார்ந்து ஒயரைச் சொருகிப் பழைய கம்பெனி மேப்பை ஏற்றினேன். இனி எவன் வந்து பார்த்தாலும் தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே இருக்கும் என்று விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் விட்டிருக்க மாட்டாள்.

மேப்பை ஏற்றும்போது லேப்டாப் அன்றைய தேதியையும் சேர்த்தே உள்ளே எழுதிவிடும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பத்து வருடமாகச் சர்வீஸ்காரர்கள் ஒருவரும் அந்தத் தேதியைத் திரும்பிப் பார்த்ததில்லை, அதனால் அப்படி ஒன்று இருப்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

சர்வேயர் வயதானவர், தன்மையாகப் பேசினார். நான் வாசலில் அவர் காருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் பின்னால் வருவதற்குள் அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருந்தாள். இன்ஜினில் சக்தி கூட்டியிருப்பது, படிவத்தில் அதை எழுதாதது, தப்புதான் என்பது, எல்லாவற்றையும். அவர் கோபப்படவில்லை. நிற்கிற வண்டி மேல் மரம் விழுந்ததற்கும் இன்ஜின் சக்திக்கும் சம்பந்தமில்லையே, கூடுதல் பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கச் சொல்லி எழுதுகிறேன் என்றார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவர், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று குறித்துக்கொள்வதற்காகத் தன் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"மாத்தினதா சொன்னீங்க. இதுல கம்பெனி மேப்புதானே இருக்கு? அதுவும் நேத்து தேதி போட்டிருக்கு. மரம் விழுந்ததுக்கு அப்புறம் யாராவது வண்டியைத் தொட்டாங்களாம்மா?"

"யாரும் தொடலைங்க," என்றாள் அக்கா. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லடா?"

அந்த ஒரு கணம் போதும் எனக்கு, இந்த ஜென்மம் முழுக்க நினைத்துக்கொண்டு கிடக்க. நான்தான் தொட்டேன் என்று இரண்டு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அந்த மனுஷர் என்னை நாலு திட்டுத் திட்டியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் என் ஷெட், என் பெயர், எழுதாமல் விட்ட அத்தனை வாடிக்கையாளர்கள் என்று என்னென்னவோ தலைக்குள் ஓடியது. யாரும் தொடவில்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் அதை அப்படியே எழுதி, அக்காவிடம் கையெழுத்து வாங்கினார். அதற்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. போகும்போது தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றுவிட்டார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஆய்வுக்கு முன்பு வாகனத்தில் கை வைத்ததாலும், அதைப் பற்றிப் பொய்யான வாக்குமூலம் கொடுத்ததாலும் பணம் தர முடியாது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதலாம். அக்கா கடிதத்தை ஷெட்டுக்கு எடுத்து வந்து, இதில் ஏதோ தவறு நடந்திருக்கிறது, வேறு யாருடைய வண்டியையோ சொல்கிறார்கள் என்றாள். அப்போதுதான் நான் சொன்னேன். பெரிதாகத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நான் பொய் சொல்லலடா," என்றாள். "அதை மட்டும் அவங்களுக்கு எழுதிக் குடு. நீதான் பண்ணினே, எனக்குத் தெரியாதுன்னு எழுதிக் குடு."

எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் என் கையெழுத்தோடு ஒரு சாட்சி கம்பெனிக்காரன் கையில் போய்விடும், என்னிடம் வந்த வண்டிகளை ஒவ்வொன்றாக நோண்ட ஆரம்பிப்பார்கள் என்று பயந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று பதினாறு நாள் ஓட்டினேன். அதற்குள் மேட்டு லாட்ஜ்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். வாடகை வண்டி வைத்து அக்கா ஓட்டிப் பார்த்தாள், கட்டுப்படியாகவில்லை. அவள் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டது என் மனைவி. கூடப் பிறந்தவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு உங்களுக்குச் சோறு எப்படி இறங்குகிறது என்று தட்டை என் முன்னாலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள். எனக்கு வந்த கோபத்தைக் காட்ட வேறு ஆள் இல்லை, தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து எழுதினேன்.

ஒன்றையும் மறைக்கவில்லை. என்றைக்கு மேப் மாற்றினேன், படிவத்தில் இல்லை என்று போடச் சொன்னது யார், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு எந்தச் சாவியால் திறந்தேன், திங்கட்கிழமை எதற்குத் தலையாட்டினேன் என்று மூன்று பக்கம். என் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையை நான் ஒரே மூச்சில் சொன்னதில்லை. நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மனசு லேசாகிவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

பதில் அக்கா பெயருக்குத்தான் வந்தது. அப்போது அவள் அந்த மேட்டு லாட்ஜிலேயே, கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறையில், மாதச் சம்பளத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வேலை முடிகிற நேரத்துக்கு நான் அங்கே போனேன். தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டே, கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

இரண்டே வரி. கடிதம் எழுதியவர் உங்கள் உடன்பிறந்தவர் என்பதாலும், ஆய்வின்போது உடனிருந்தும் இதைக் கூறாதவர் என்பதாலும், உங்களைக் காப்பாற்றும் பொருட்டு எழுதப்பட்டதாகவே இதைக் கருத வேண்டியிருக்கிறது. முடிவில் மாற்றமில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள், ஆனால் அவளுடைய சிரிப்பாக அது இல்லை.

"எனக்காக நீ பழியைத் தலைல போட்டுக்கறேன்னு நினைச்சிருக்காங்கடா," என்றாள். "அப்படி ஒரு தம்பி எனக்கு இருக்கான்னு."

அவள் அடுத்த உறையை எடுத்து, ஓரத்தை இழுத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியை வைத்தாள்.