பூசாமல் விட்ட ஒரு முழம்

1

இந்தக் கதை என் மகளின் கேமராவிலிருந்து பிறந்தது என்று தொடங்குவதுதான் மரியாதை. முழு உண்மை அதுவல்ல. நான் அவசரமாகப் பூசிய ஒரு முழச் சுவரிலிருந்து பிறந்தது. நாற்பது வருடம் கட்டட மேஸ்திரியாக இருந்தவன் நான். சுவர் கட்டிப் பழக்கம். கதை கட்டுவது புதிது. கோணல் தெரிந்தால் சொல்லுங்கள், இடித்துவிட்டுக் கட்டுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "அவள் கண்களில் ஒரு கவிதை ஒளிர்ந்த அந்த மாலையில்—"

(இடித்துவிட்டேன். என் மகள் கண்ணில் எதுவும் ஒளிரவில்லை. தூசி விழுந்து சிவந்திருந்தது.)

நடந்தது இது. அவளுக்கு எங்கிருந்தோ ஒரு எபிரேயக் கவிதை கிடைத்தது. பன்னிரண்டு வரி. அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து வரிக்கு வரி பொருள் எழுதிக்கொண்டாள். கவிதையில், புது வீடு கட்டுகிறவன் வாசலுக்கு எதிரே ஒரு முழம் சுவரைப் பூசாமல் விடுகிறான். இழந்ததை மறக்கக் கூடாது என்பதற்காக யூத மக்களிடம் அப்படி ஒரு வழக்கமாம். வரிக்கு ஒரு படம் எடுத்துக் கண்காட்சி வைப்பதாக வீடு வீடாகப் போனாள். கண்ணாடியைக் கழற்றிய பிறகும் பிடுங்காத ஆணி. பிள்ளையின் உயரக் கோடுகளுக்காகப் பெயின்ட் அடிக்காத கதவோரம். இப்படிப் பதினோரு படங்கள். பெற்றவன் சொல்லக் கூடாது, இருந்தும் சொல்கிறேன்: ஒன்றில்கூடக் கை நடுங்கவில்லை.

பிறகு சொன்னாள்: "பன்னெண்டாவது நம்ம வீடுப்பா. பீரோவ நகர்த்தணும்."

3

பீரோவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று சொல்லியாக வேண்டும். (சொல்லாமல் எழுத மூன்று முறை முயன்றேன். கதை நிற்கவில்லை.) முப்பத்தொரு வருடத்துக்கு முன் அந்தச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தவன் என் தம்பி. வேலையாட்கள் எதிரிலேயே அவனிடம், "கலவையில தண்ணி அதிகம். உனக்கு என்னிக்குமே வேலை வராது" என்றேன். கரணையைக் கீழே வைத்துவிட்டுப் போனவன் திரும்பவில்லை. மீதி ஒரு முழத்தை அவனே வந்து பூசட்டும் என்று விட்டுவைத்தேன். கேட்டவர்களிடம் சுவரில் ஓதம், பூச்சு நிற்காது என்றேன்.

தம்பியைக் கொஞ்சம் முன்கோபியாக எழுதினால் நியாயம் என் பக்கம் சாயும். எழுதவில்லை. அன்று அவன் கலவை சரியாகத்தான் இருந்தது.

4

மேஸ்திரி வீட்டுச் சுவர் அரைகுறையாகக் கிடப்பதை நாலு பேர் வந்து நின்று பார்ப்பதா? மகள் படமெடுக்க வருவதற்கு முந்தின நாள் காலை பீரோவை நகர்த்தி நானே பூசினேன். மேலே வெள்ளையடித்தால் தீர்ந்தது. ஆனால் ஈரம் காயாத பூச்சின்மேல் வெள்ளையடிக்கக் கை போகவில்லை. மானத்துக்காகக்கூட அப்படி ஒரு வேலையை நான் செய்ததில்லை.

மறுநாள் மகள் வந்து பார்த்தாள். வெள்ளைச் சுவரின் நடுவே கறுத்த ஒரு முழம். ஓரங்களில் மயிரிழை விரிசல்கள்.

"நல்லாத்தான் மறைச்சிருக்கீங்க" என்றாள். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வேணாம்னா சொல்லுங்கப்பா. பன்னெண்டாவது சட்டத்தக் காலியா மாட்டிடறேன்" என்றாள்.

காலிச் சட்டமா? எங்கள் வீட்டிலிருந்து அரைகுறை வேலை வெளியே போகாது. எடு என்றேன். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால்தான் விரிசல் தெரியும் என்பதையும் நானே சொல்லிக்கொடுத்தேன்.

5

கண்காட்சிக்கு அவள் தன் சித்தப்பாவையும் அழைத்திருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. தம்பி வந்திருந்தான், தலை முழுக்க நரைத்திருந்தது. முதுகு வளையவில்லை, எங்கள் வீட்டு முதுகு. பதினோரு படங்களையும் நிதானமாகப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டாவதன் முன் வந்து நின்றான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். விரிசல்களைக் கிட்டப் போய்ப் பார்த்தவன், என் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"கலவையில தண்ணி அதிகம்ணே."

6

முடிவு ஒன்று: "நான் வாய்விட்டுச் சிரித்தேன்." (பொய்.)

முடிவு இரண்டு: "அவன் கையைப் பிடித்துக்கொண்டு நான்—" (பொது இடத்தில் எங்கள் வீட்டில் யாரும் கை பிடிப்பதில்லை.)

மூன்றாவதுதான் நடந்தது. எழுத மாட்டேன், வீட்டு விஷயம். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு முழத்தைக் கொத்திவிட்டோமா, பீரோ இப்போது எங்கே நிற்கிறது, எல்லாம் உங்கள் இஷ்டம். ஒரே ஒரு நிபந்தனை. அன்று அவன் கலவை சரியாக இருந்தது என்பதை அண்ணன்காரன் தன் வாயால் சொல்ல வேண்டும். கண்காட்சிக் கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. முதுகை நேராக வைத்துக்கொண்டு.