குவான்சோச் சப்பாத்து

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: சங்கத் தலைவர் அருளம்பலம், செயலாளர் மகேந்திரராசா, தேத்தண்ணி ஊற்றும் பொறுப்போடு எல்லா விசயத்திலும் வாய் வைக்கும் ஞானம்பிகை, கடைசியாகக் கிருபன். மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அல்லது, கிருபன் கதைக்கப்போகிறான் என்று தெரிந்துவிட்டது.

கிருபனுக்கு வேண்டியது ஒன்றுதான். பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு நகரத்தில், கால்சாப் பகுதியில் உள்ள அந்தச் சங்க மண்டபத்தின் பின்னறை. துறைமுகத்தில் கப்பல் கழுவும் இரவு வேலையை விட்டுவிட்டான். இனிச் சீனாவிலிருந்து சப்பாத்து இறக்கி விற்கப்போகிறான். சரக்கு வைக்க இடம் காட்டினால்தான் அங்கே ஏற்றுவார்கள். நாளைக்குப் பதில் சொல்லவேண்டும்.

"குவான்சோ எண்டு ஒரு துறைமுகப் பட்டினம்," என்று தொடங்கினான். "தைவானுக்கு நேர் எதிரை. ஒரு பக்கம் சப்பாத்து, ஒரு பக்கம் உடுப்பு, ஒரு பக்கம் கல்லுச் செதுக்கிற வேலை, மலைப்பக்கம் தேயிலை. சனம் வீட்டுக்குள்ளை மிசின் போட்டுத் தொடங்கினதுதான் பெரும்பாலும். வெளிநாட்டிலை இருக்கிற சொந்தக்காரர் அனுப்பின காசிலை தொழிற்சாலை கட்டினவை."

"நாங்களும் கட்டினனாங்கள்தானே," என்றார் மகேந்திரராசா. "ஊரிலை கோபுரம்."

"அதைத்தான் அண்ணை சொல்லுறன். வாசலிலை கிடக்கிற உங்கடை சப்பாத்தைப் பிரட்டிப் பாருங்கோ, எங்கை செய்தது எண்டு. லிபெர்த்தாத் தெருவிலை வெள்ளைக்காரச் சின்யோராமாற்றை வீடு துடைக்கிற எங்கடை பெண்டுகள் நாள் முழுக்க நிக்கிறவை. அவைக்கு மெத்தை அடி வைச்ச சப்பாத்து நேரை அங்கையிருந்து எடுக்கலாம். பின்னறையை மட்டும் தாங்கோ."

"சாமியின்ரை வேல் இருக்கிற அறையிலை சப்பாத்தோ?" ஞானம்பிகை கேத்திலைக் கீழே வைத்தாள். "முருகா!"

"புதுச் சப்பாத்து அக்கா. ஒருதற்றை காலும் படாதது."

"சப்பாத்து சப்பாத்துத்தான்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். எதையாவது சொல்லி இவர்களை இழுக்கவேண்டும் என்று கிருபன் வாயில் வந்ததைச் சொன்னான்.

"எழுநூறு வருசத்துக்கு முந்தியே எங்கடை ஆக்கள் அங்கை யாவாரம் செய்தவை. சிவன் கோயிலும் இருந்தது. தமிழ் எழுத்து வெட்டின கல்லு இப்பவும் கிடக்கு."

அதுவரை தாடையைச் சொறிந்துகொண்டிருந்த அருளம்பலம் நிமிர்ந்தார். "தமிழ்க் கல்லோ? சீனாவிலையோ?"

மகேந்திரராசா போனில் படத்தைத் தேடி எடுத்தார். ஞானம்பிகை அந்தப் போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதோடு சப்பாத்து செத்தது. அந்தக் கல்லை அப்படியே சாந்தில் வார்க்கலாம் என்றார் மகேந்திரராசா. தைப்பொங்கலுக்குத் திறக்கலாம் என்றாள் ஞானம்பிகை. எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அருளம்பலம் யோசிக்கவே இல்லை. "பின்னறை சும்மாதானே கிடக்குது."

"அண்ணை, அந்த ஆக்கள் கல்லு நடப் போகேல்லை! யாவாரம் செய்யப் போனவை!"

"கத்தாதை தம்பி. நல்ல விசயம் கொண்டுவந்திருக்கிறாய். விழாவிலை நீதான் பேசவேணும். நோட்டீசிலை உன்ரை பெயரைப் பெரிசாப் போடுவம்."

"எனக்குப் பேச்சு வேண்டாம். அறையைத் தாங்கோ."

அருளம்பலம் மடியிலிருந்து சாவியை எடுத்துப் பின்னறையைத் திறந்தார். கிருபனும் பின்னாலேயே போனான். காய்ந்த அறை. மூலையில் வேல் மட்டும். ஈரக்கசிவு இல்லை. இடது சுவரில் பெண்களின் அளவு, வலதில் ஆண்களின் அளவு என்று அவன் மனதுக்குள் எப்போதோ அடுக்கி முடித்திருந்தான். அருளம்பலம் இடது சுவரைச் சாணால் அளந்தார்.

"இதிலை நிறுத்தினால் எடுப்பாயிருக்கும், என்ன?"

கிருபன் வலது சுவரைச் சாணால் அளக்கத் தொடங்கினான்.

"சரி, வெளியிலை வா. பூட்டவேணும்."

வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் அருளம்பலம் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.