நான்கு விரல் தண்ணீர்

“தப்பு என்னோடதுன்னு நீங்களே அந்த வீட்டுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுங்க, மேடம்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று காலையில் சைக்கிளில் வரும்போதே அம்மா சீட்ஸ்கே கெஞ்சியிருந்தாள். யிக்கே கேட்டுவிட்டாள். ஹார்லெம் ஊர்ப் பூக்கடையின் பின்பக்கம் வாளி கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

அந்த வீட்டில் செத்தவரை அடக்கம் வரைக்கும் வீட்டுக் கூடத்திலேயே கிடத்தியிருந்தார்கள். பெட்டிக்கு இருபுறமும் இந்தக் கடையிலிருந்து போன வெள்ளைக் காலா லில்லிகள். ஊர் வந்து பார்த்துப் போகும்வரை தாங்கவேண்டிய பூ, மறுநாளே தண்டு கொழகொழத்துத் தலையைத் தொங்கப்போட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் நாற்றத்தில் மூக்கைப் பொத்தினார்களாம். கடைமுதலாளி வில்லெமைன் அந்த வீட்டாரிடம் கூசாமல் சொல்லிவிட்டாள்: வாளி கழுவுகிறவள் சரியாகக் கழுவவில்லை.

காலாத் தண்டு பஞ்சு மாதிரி. நான்கு விரல் தண்ணீர் போதும், கூடினால் அழுகும். அடியில் டேப் சுற்றாவிட்டால் பிளந்து சுருளும். யிக்கே தோட்டக்கலை படித்தவள், தன் குடும்பத்தின் முதல் பட்டதாரி. எல்லாம் பார்த்துத்தான் அனுப்பினாள். அங்கே போய் உயரமான கண்ணாடி ஜாடிகளில் கழுத்துவரை ஊற்றியது வில்லெமைன். படத்தில் எடுப்பாக இருக்குமாம். அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டவளும் அவளே.

“பட்டம் வாங்கினா வாய் நீளுமோ?”

“வாய் பொறந்தப்பவே இருந்துச்சு. நீங்க போட்ட ஃபோட்டோவையே பாருங்க, தண்ணி எங்க நிக்குதுன்னு.”

“பாத்தாச்சு. அதுக்கென்ன? வாளி கழுவுறவ தப்பு பண்ணா மன்னிச்சிடுவாங்க. கடைக்காரி பண்ணா வேற கடைக்குப் போவாங்க. இங்க உன் வேலையை நிரந்தரமாக்குறேன். இதோட விடு.”

யிக்கே திரும்பினாள். “நீ சொல்லும்மா. வாளி சுத்தமாத்தானே இருந்துச்சு?”

சீட்ஸ்கே ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

“நான்தான் சரியாக் கழுவல, மேடம். இவ ஏதோ கோவத்துல பேசுறா.”

“அம்மா!”

“சும்மா இருடி. இந்த அழுக்குத் தண்ணியிலதான் நீ படிச்சே.”

வில்லெமைன் உதட்டோரம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அம்மா பதிலுக்குச் சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

யிக்கே ஏப்ரனைக் கழற்றி மேஜையில் எறிந்தாள்.

“எங்கடி போற?”

“சாவு வீட்டுக்கு.”

“என் பொழப்பு போயிடும்டி!”

“தெரியும்மா.”

கதவை அவள் சாத்தக்கூட இல்லை.