அம்மா ஏற ஒரு படி

வண்டியின் முன்மூடியைத் தூக்கிவைத்து, இடுப்புவரை உள்ளே குனிந்து, ஒயர் முனையைப் பல்லால் சீவிக்கொண்டிருந்தாள் குச்சி. வீட்டுக்குள் கூடத்தில் அவளுடைய அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பெத்தவன் கிடக்கிறான், இவளுக்கு வண்டி வேலை கேட்குதா என்று ஒருத்தி காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். சொல்லட்டும். ஊர் வாயை அடைக்க அவளுக்கு இப்போது நேரமில்லை.

அப்பா முப்பது வருஷமாக வண்டிகளுக்கு ஒயரிங் பார்த்தவர். அம்மாவுக்கு இடுப்பெலும்பு தேய்ந்த பிறகு, இந்த உயரமான வண்டிக்குள் அவளைத் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. போன மாதம் கடை வாசலில் நாலு பேர் பார்க்கத் தூக்கியவர், சிமெண்டு மூட்டை தோற்றது போ என்று சிரித்துத் தொலைத்தார். அன்றிலிருந்து அம்மா வாசலைத் தாண்டவில்லை. மனிதர் மறுநாளே மோட்டார் படி வாங்கி வந்தார். சுவிட்சைப் போட்டால் கதவுக்கடியிலிருந்து இறங்கும், அணைத்தால் உள்ளே மடங்கிக்கொள்ளும். சுவிட்சுக்கும் பஞ்சமில்லை. எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள் என்று கம்பெனிக்காரனே டாஷ்போர்டில் நாலு சுவிட்சு வெறுமனே வைத்து, அதன் ஒயர்களை என்ஜின் பக்கம் சுருட்டி விட்டிருந்தான். படிதான் மூன்று வாரமாகியும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

நேற்று அம்மா பொரிந்து தள்ளிவிட்டாள். ஊரான் வண்டிக்கெல்லாம் ஓடுகிறீர்கள், என் படிக்குத்தான் உங்களுக்கு நேரமில்லை என்று. விடிந்ததும் விடியாததுமாக அப்பா படியை வண்டியடியில் பூட்டினார். ஒயரைக் கையில் எடுத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டயரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அம்மா அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"படிய முடிச்சாரா?"

"முடிச்சிட்டுத்தாம்மா உட்கார்ந்தாரு."

குச்சியின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பாதியில் போனார் என்று தெரிந்தால், தான் சொன்ன சொல்தான் அவரைக் கொன்றது என்று அம்மா ஆயுசுக்கும் தன்னையே அரித்துக்கொண்டிருப்பாள். நிதானமாக முடித்துவிட்டுப் போனார் என்றால் கொஞ்சமாவது ஆறும். ஆனால் அந்த அம்மாவே, என்னை யாரும் தூக்கக் கூடாது, அவர் போட்ட படியில் நானே ஏறி வருவேன் என்று சொல்லிவிட்டாள். அப்பாவை எடுப்பதற்கு இன்னும் அரைமணி நேரம்கூட இல்லை.

குச்சி லிப்டு மெக்கானிக். ஒயர் புதிதல்ல, வண்டிதான் புதிது. ஆனால் என்ன, அப்பாவின் இன்சுலேஷன் டேப்பைக் கையில் எடுத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். படியிலிருந்து வந்த தடித்த ஒயரையும் மெல்லிய ஒயரையும் ஒன்றாக முறுக்கி, ஒரே சுவிட்சு ஒயரில் சேர்த்துச் சுற்றினாள். சாவியைத் திருப்பிச் சுவிட்சைப் போட்டாள். முனகிக்கொண்டே படி இறங்கியது. அதற்குள் சித்தப்பா கூப்பிட்டுவிட்டார். இறங்கியதே போதும் என்று ஓடினாள்.

அமரர் ஊர்தி முன்னால் நின்றது. அம்மா ஊன்றுகோலோடு வந்து, படியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கைப்பிடியைப் பிடித்து ஒரு கால் வைத்தாள். மறுகால் வைத்தாள். யாரும் தொடாமல் முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். குச்சி பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வண்டி ஓட்ட உட்கார்ந்த சித்தப்பா, இதுதான் அண்ணி என்று சுவிட்சைக் காட்டினார். அம்மா அதை அணைத்தாள்.

படி மடங்கவில்லை. மறுபடி போட்டு, மறுபடி அணைத்தாள். அசையவில்லை.

குச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. மெல்லிய ஒயர் மட்டும்தான் சுவிட்சுக்கு; தடித்த ஒயர் நேராகப் பேட்டரிக்குப் போயிருக்க வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் மடங்குவதற்குக் கரண்டு வேண்டுமே. லிப்டில் இந்தத் தப்பை அவள் செய்யவே மாட்டாள். அப்பா எதிலும் செய்ய மாட்டார். அது அம்மாவுக்கும் தெரியும்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "நீ போட்டியா?" என்றாள்.

குச்சி விரலில் ஒட்டியிருந்த டேப் பசையைச் சுரண்டினாள்.

"யாராவது கேட்டா நீ போட்டதுன்னே சொல்லு. அவரு வேலைன்னு சொல்லிடாத. அவரு வேலைய இதுவரைக்கும் ஒருத்தன் குறை சொன்னதில்ல." ஊன்றுகோலை மடியில் கிடத்திக்கொண்டு, "நேத்து வீட்டுக்குள்ளயே ஒருத்தி சொன்னா" என்றாள் அம்மா.

சித்தப்பா, அஞ்சு நிமிஷத்தில் சரி பண்ணிடலாம் என்று இறங்கப் போனார். வேண்டாம், அவரைக் காக்க வைக்க வேண்டாம் என்றாள் அம்மா. ஊர்தி நகர்ந்தது. இவர்கள் வண்டியும் படியை நீட்டிக்கொண்டே பின்னால் ஊர்ந்தது. கூட நடந்து வந்தவர்கள் கால் இடிக்காமலிருக்க அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு நடந்தார்கள்.