தராசோடு பேசும் விளக்கு

"அந்தப் பழைய அடாப்டரைக் குடுடி. புதுசு அந்தத் தராசோட பேசவே மாட்டேங்குது."

அக்கா கை நீட்டியபோது அந்த அடாப்டர் என் மேசையில் ஒரு சிவப்பு விளக்கை மெல்ல ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

அக்கா கடைத் தராசுகளைப் பழுது பார்ப்பவள். தராசையும் லேப்டாப்பையும் இணைக்கிற யூஎஸ்பி சீரியல் அடாப்டர் அது. புதிது வந்ததும் பழசை என்னிடம் தூக்கிப் போட்டுவிட்டாள். திறந்து பார்த்தேன். உள்ளே சின்னதாக ஒரு மைக்ரோகண்ட்ரோலர். வேறு வேலை எழுதிக் கொடுத்தால் அதையும் செய்யும். நான் படிக்கும் எலக்ட்ரானிக்ஸ் மாலை வகுப்பில் மற்றவர்கள் பயிற்சிக்குப் புதுப் போர்டு வாங்கினார்கள். நான் இதிலிருந்த புரோகிராமை அழித்துவிட்டு, விளக்கை எரிய வைக்கும் என் புரோகிராமை ஏற்றினேன். அழித்ததை மீட்க வழியில்லை.

"இப்ப அது அடாப்டர் இல்லக்கா. விளக்கு."

"நல்லாத்தான் இருக்கு. நாளைக்குள்ள சரி பண்ணலேன்னா அந்தக் கடை வேற ஆள்கிட்ட போயிடும். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து இதையே பாத்துட்டிருக்கலாம்."

வகுப்பில் சந்தேகம் கேட்கவே தயங்குகிறவள் நான். ஆனாலும் அடாப்டரின் வேலையை நானே எழுதினேன். அது அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் சேர்த்துச் சோதித்தேன். அனுப்பிய எழுத்தெல்லாம் பிசகாமல் திரும்பி வந்தது.

மறுநாள் கடையில் செருகினால் திரையில் கிறுக்கலாக வந்தது. கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்க்காமல் இருந்தாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. எழுதியதை வரி வரியாகப் படித்தேன். விளக்கு நிதானமாக எரிய சிப்பின் வேகத்தைப் பாதியாக்கிய வரி, புதுப் புரோகிராமிலும் வந்து உட்கார்ந்திருந்தது. வீட்டில் அது தன்னோடு தானே பேசியதால் தவறான வேகம்கூடச் சரியாகத் தெரிந்திருக்கிறது; தராசு பேசுவதோ முழு வேகத்தில்.

அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். அக்கா இரண்டு கிலோ எடைக்கல்லை வைத்தாள். திரையில் 2.000.

"இது எந்தக் கம்பெனிம்மா?" என்றார் கடைக்காரர்.

"எங்க வீட்டுக் கம்பெனிதாங்க. முதலாளி அந்தா, நகம் கடிச்சிட்டு நிக்கிறா."

கையைச் சட்டென்று இறக்கினேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

விளக்கை மட்டும் நான் நீக்கவில்லை; தராசிலிருந்து எடை வரும்போது எரியும்படி எழுதியிருந்தேன். அக்கா கல்லை எடுத்து வைக்கும்போதெல்லாம், திறந்துகிடந்த அடாப்டருக்குள் அது சிவப்பாக ஒருமுறை எரிந்து அணைந்தது. அவள் வேண்டுமென்றே இன்னொரு முறை எடுத்து வைத்தாள்.