மீராசாவின் பயம்

என் கணவர் யூசுபின் முகத்தை எங்கள் வீட்டுச் சுவரிலேயே வரைந்திருந்தார்கள். இரண்டு நாளாகத் துணி கட்டி மறைத்து வைத்திருந்தார்கள். குவீன் ஸ்ட்ரீட்டில் மஞ்சள்தூள் வாங்கிக்கொண்டு எங்கள் சந்துக்குள் திரும்பியபோதுதான் பார்த்தேன். நெஞ்சு புடைத்திருந்தது. முகவாய் வானத்தைப் பார்த்தது. மூடிய கதவு ஒன்றை உடைக்கப் போவதுபோல் கை ஓங்கியிருந்தது.

அது மீராசாவாம்.

மீராசா, என் கணவர் வார இதழில் எழுதிய தொடர்கதையின் நாயகன். கூலியைப் பிடித்துவைத்த முதலாளியோ வீட்டைப் பறித்த பெரிய மனிதரோ, யாராக இருந்தாலும் போய்க் கதவைத் தட்டுவான். சேர வேண்டியதை வாங்காமல் திரும்பமாட்டான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; நான் படித்ததில்லை. எழுதியவர் மௌத்தான பிறகும் வாசகர்கள் அவனை விடவில்லை. சுவரில் அவனை வரையலாமா என்று கேட்டு வந்தார்கள். என் மகன் ஹஸ்ருல் சரி என்றான். நானும் சரி என்றேன். அத்தாவின் முகத்தைக் கொடுக்கப்போகிறார்கள் என்பதை மட்டும் அவன் என்னிடம் சொல்லவில்லை.

"அழிங்க," என்றேன்.

ஏணியில் நின்ற ஓவியன் நிருபன் தூரிகையோடு திரும்பினான். "ரெண்டு நாள் வேலைம்மா. அழகா இல்லையா?"

"அழகா இருக்கு. அழிங்க."

"சும்மா இருங்கம்மா," என்றான் ஹஸ்ருல். "அத்தாவுக்குப் பெருமைதானே. டூரிஸ்ட் எல்லாம் வந்து போட்டோ எடுப்பாங்க லா."

"யார் யாரோ உங்கத்தா பக்கத்துல நின்னு பல்லைக் காட்டுறது உனக்குப் பெருமையா?"

அது தெருவில் சொல்லக்கூடிய காரணம். உண்மையான காரணத்தைத் தெருவில் சொல்ல முடியாது. யூசுப் பயந்த மனிதர். மார்க்கெட் ஸ்ட்ரீட் துணிக்கடையில் முதலாளி செருமினாலே எழுந்து நிற்பார். போலீஸ்காரரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். வீட்டுக்கு எந்த அதிகாரி வந்தாலும் வாசலில் நின்று பேசியது நான்தான். இதைப் பிள்ளைகளிடம்கூடக் காட்டிக்கொடுக்காமல் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவரோடு அதே கடையில் வேலை பார்த்த கிழவர்கள் இன்னும் இந்த வழியாகத்தான் தேநீர் குடிக்கப் போகிறார்கள். இந்த நெஞ்சைப் பார்த்தால் சிரிக்கமாட்டார்களா?

சாயத் தகரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அனுஜா வாய் திறந்தாள். பாயான் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிற வாசகி. "அம்மா சொல்றது சரிதான், அண்ணே. இது மீராசா இல்ல."

"என்னா, இப்பத்தான் சொல்றியா?" என்றான் நிருபன். "நீ கதையை ஒழுங்காப் படிச்சியா?"

"நீங்கதான் படிக்கல. மீராசா எங்க கதவை உடைச்சான்? ஒவ்வொரு கதவு முன்னாலயும் அவனுக்குக் கால் நடுங்கும். கைக்குட்டையைக் கசக்குவான். திரும்பிப் போயிடலாமான்னு நிப்பான். அப்புறந்தான் தட்டுவான்." என் பக்கம் திரும்பினாள். "எங்க லைன்ல ஒரு அக்கா மாசமா இருந்தாங்கன்னு வேலையை விட்டு நிப்பாட்டிட்டாங்கம்மா. மேனேஜர் ரூமுக்கு நான்தான் போனேன். கால் அப்படி ஆடுச்சு. மீராசாவுக்கே ஆடுதே, நமக்கு ஆடினா என்னான்னு தட்டிட்டேன். அவன் பயப்படாத ஆளா இருந்தா எனக்கு என்னா பிரயோசனம்?"

"அந்தப் பொண்ணு?"

"திரும்ப வேலைக்கு வந்துட்டாங்க. பொம்பளப் பிள்ளை பொறந்துருக்கு." பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "எழுதினவருக்கும் ஆடியிருக்கும்மா. ஆடாதவங்களுக்கு இப்படி எழுத வராது."

அவள் முகத்தில் கேலி இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்தேன். இல்லை. நான் இத்தனை காலம் மூடி வைத்ததை வாரம் தவறாமல் அவரே எழுதி அனுப்பியிருக்கிறார். இவர்களும் படித்துவிட்டு, மரியாதை குறையாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

"தம்பி, முகம் இருக்கட்டும்," என்றேன்.

ஹஸ்ருல் மூச்சு விட்டான்.

"முகவாயை இறக்குங்க. நெஞ்சை உள்ளே தள்ளுங்க. கை ஓங்க வேணாம், தட்டினாப் போதும். முழங்கால் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கணும்."

"அம்மா! அத்தாவைப் பார்த்தா பயந்தவர் மாதிரி தெரியும்."

"பயந்தவர்தான்டா."

சத்தமாகவே சொன்னேன். எதிர்க்கடை வாசலில் நின்ற ஜாஹிர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

"பயந்தவர்தான். அதைத்தான் எழுதினாரு. அதையே வரையட்டும். நாற்காலி ஒண்ணு கொண்டு வா. முடியிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

வெயில் சுவரில் ஏறியது. நிருபன் புடைத்த நெஞ்சின்மேல் வெள்ளையடித்துவிட்டு, கைக்குட்டையை எந்தக் கையில் வரையட்டும் என்று கேட்டான்.

இடது கையில் என்றேன். வலது கை தட்ட வேண்டும்.