மூன்றாவது பட்டன்

தையல்காரிக்கும் அவள் அண்ணனுக்கும் முப்பது வருஷமாக ஒரே வழக்கு. சின்ன வயதில் பார்த்த துப்பறியும் தொடரில், கொலைகாரன் யாரென்று சொல்லப்போகும் நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. டாக்டர்தான் என்று அண்ணன் அடித்துச் சொன்னான். டிரைவர் என்றாள் இவள். டிரைவரின் கோட்டில் மூன்றாவது பட்டனை மட்டும் வேறு நூலில் தைத்திருந்தது. "பட்டனை வச்சே கொலைகாரனப் புடிச்ச மகராசி" என்று அவள் கல்யாணத்தில்கூட அண்ணன் சொல்லிச் சிரித்தான்.

நேற்று மகள் அந்தப் பாகத்தை எங்கிருந்தோ தேடிப்பிடித்தாள். தையல்காரி தன் அண்ணனைக் கடைக்கே வரவழைத்து, மெஷினை நிறுத்திவிட்டு, செல்போனை நூல்கண்டுப் பெட்டியில் சாய்த்து வைத்தாள். பழைய இசை ஆரம்பித்ததும் இருவரும் அந்தக் காலம் மாதிரியே வாயை மூடிக்கொண்டார்கள்.

கடைசியில் துப்பறிபவர் டிரைவரின் கோட்டைப் பிடித்திழுத்து, மூன்றாவது பட்டனைத் தட்டினார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"சரி, நீ சொன்னதுதான்" என்று முணுமுணுத்தான்.

"என்னண்ணா? மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

ஓடாத மெஷினை ஒரு பார்வை பார்த்த அண்ணன், தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னான்.